கல்லடுக்கிப் பெற்ற சுவை

ஒரு நாட்டின் நிலத்தை அறிய விரும்புவோர் தேசப்படத்தை விரித்து வைத்துப் பார்ப்பதுண்டு. அதிலே மலை கபில நிறமாகவும் கடல் நீல நிறமாகவும் தெரியும். அம்மலையில் ஏறி இறங்குவோரின் முழங்கால் நோவையும், அக்கடலிலிருந்து எழுந்து வரும் காற்றின் உப்பையும் எந்தப் படமும் காட்டுவதில்லை. அந்நிலத்திலே விளைந்த பொருளொன்றை நாவில் வைத்துப் பார்த்தால் அவை ஒருவாறு புலனாகும். அவ்வாறு எமக்குப் புலனான ஒரு நிலத்தைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றோம்.

நாம் சொல்ல வந்த பொருள் இத்தாலி நாட்டின் வடமேற்குக் கரையிலே விளையும் ஒரு வெள்ளை வைன். வைன் என்றவுடன் முகஞ் சுளிக்கும் பெரியோர் உளர் என்பதை அறிவோம். கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுக்கப்பெற்ற மொழியைப் பேசும் நாம், எவரையும் குடிக்கத் தூண்டும் பொருட்டு இதனை எழுதவில்லை. நாமும் அவ்வூரிலே ஒரு சிறு கிண்ணத்தின் அடியை நனைக்கும் அளவே அருந்தினோம். அச்சிறு அளவுக்குப் பின்னே ஆயிரம் ஆண்டுகளின் உழைப்பும், அவ்வுழைப்புக்கு இன்று நேர்ந்துள்ள இடரும் இருக்கக் கண்டோம். அவையே எம்மை எழுத வைத்தன.

ஜெனோவா நகருக்கும் லா ஸ்பெற்சியாத் துறைமுகத்துக்கும் இடையே கிடக்கும் லிகூரியக் கரையில் ஐந்து சிற்றூர்கள் உள. மொன்ரெரோசோ, வெர்னாற்சா, கோர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே என்பன அவற்றின் பெயர்கள். ஐந்தையும் சேர்த்துச் 'சிங்குவே தெரே' என்று வழங்குவர். 'ஐந்து நிலங்கள்' என்பது அதன் பொருள். இப்பெயரைக் கேட்ட தமிழ் மாணவர் எவருக்கும் குறிஞ்சி முதலாகிய ஐந்திணை நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் இந்த ஐந்து நிலங்களிலே உண்மையில் இருப்பவை இரண்டே. மலை உண்டு; கடல் உண்டு. குறிஞ்சி நேரே வந்து நெய்தலில் விழுகின்றது. இடையிலே மாடு மேயும் முல்லையும் இல்லை. ஏர் ஓடும் மருதமும் இல்லை. இல்லாத மருதத்தைத் தம் கைகளாலே செய்துகொண்டவர்கள் இவ்வூரார்.

செப்டெம்பர் மாதம், பழம் பறிக்குங் காலத்திலே நாம் அங்கு சென்றோம். லா ஸ்பெற்சியாவிலிருந்து புறப்படும் புகையிரதம் பெரும்பாலும் மலையைக் குடைந்த சுரங்கத்தினூடாகவே ஓடுகின்றது. இருளின் நடுவே ஒரு கணம் நீலக் கடல் தோன்றும். பார்த்து முடிக்குமுன் மறுபடியும் இருள் சூழ்ந்துகொள்ளும். ஜெனோவாவையும் லா ஸ்பெற்சியாவையும் இணைக்கும் இப்பாதை 1874 ஆம் ஆண்டிலே முற்றுப்பெற்றது. அதற்கு முன்னர் இவ்வூர்களுக்குப் படகிலே வரவேண்டும். அன்றேல் மலைப்பாதையில் நடந்தோ கழுதையின் துணைகொண்டோ வரவேண்டும்.

ஐந்து ஊர்களுள் கோர்னீலியா மட்டும் கடலோடு ஒட்டி இராமல், ஏறக்குறைய 100 மீற்றர் உயரத்தில் ஒரு பாறையின் முடிமேல் அமர்ந்திருக்கின்றது. புகையிரத நிலையத்திலிருந்து அதனை அடைய 33 திருப்பங்களிலே சுமார் 380 படிகள் ஏறவேண்டும். பாதி தூரத்தில் மூச்சு வாங்க நின்றபோதுதான், நாம் ஏறிக்கொண்டிருந்த மலை வெறும் மலையன்று என்பதைக் கண்டோம். கடல்மட்டத்துக்குச் சற்று மேலே தொடங்கி முகில் தொடும் உச்சிவரை, விரல் வரைந்த கோடுகள் போலக் கல்மதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சென்றன. இரு மதில்களுக்கு இடையே ஒரு குறுகிய தறை. சில தறைகளில் இருவர் ஒருங்கே நிற்கவும் இடமில்லை. அந்தச் சிறு மண்ணிலே முந்திரிகைக் கொடிகள் படர்ந்திருந்தன. திராட்சை என்று பலரும் வழங்கும் பழத்தையே, எம்மவர் வழக்கைப் பின்பற்றி, முந்திரிகை என்கின்றோம்.

இம்மதில்களைக் கட்டிய முறையை நேயர்கள் அறிதல் நன்று. செங்குத்தான சரிவை வெட்டும்பொழுது மண்ணோடு மணற்கல்லும் பெயர்ந்து வரும். கல்லை வேறாகவும் மண்ணை வேறாகவும் பிரிப்பர். பெரிய கற்களை அடியிலே பதித்து, அவற்றின் மேல் ஏற்ற கற்களைத் தேர்ந்து அடுக்குவர். மதிலின் முதுகுப்புறத்தே சிறு கற்களை நிரப்பி, அதற்கும் பின்னே மண்ணைக் கொட்டிச் சமன் செய்வர். சாந்து என்பது ஒரு துளியும் இல்லை. சாந்து வாங்க வகையில்லாமல் அவ்வாறு செய்தனர் என்று எண்ணுதல் தவறு. சாந்து பூசிய மதில் மழைநீரைத் தேக்கி வைக்கும். தேங்கிய நீரின் பாரம் ஒருநாள் மதிலையே தள்ளி வீழ்த்தும். சாந்தில்லாத மதில் நீரைத் தன் இடுக்குகளினூடே கசிய விட்டு மண்ணை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். நெடுந்தீவிலே பவளக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய வேலிகளைக் கண்டவர்களுக்கு இக்கலை முற்றிலும் புதியதாகத் தோன்றாது. ஆனால் அங்கே வேலி சமநிலத்தில் நிற்கின்றது. இங்கே ஒரு மலையின் மண் முழுவதையும் மதில் தாங்கி நிற்கின்றது. இவ்வைந்து ஊர்களின் சரிவுகளிலும் எழுப்பப்பட்ட மதில்களை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 6,700 கிலோமீற்றர் வரும் என்று பரவலாகக் கூறப்படுகின்றது.

மனரோலாவுக்கு மேலேயுள்ள ஒரு தறையில், விழுந்த மதிலைச் செப்பஞ் செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டோம். லா ஸ்பெற்சியாவிலே கல்வி பயிலும் மாணவி ஒருத்தி எமக்கு வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் உடன் வந்திருந்தாள். "ஐயா, இம்மதிலை முதலிற் கட்டியவர் யார்?" என்று அவள்மூலம் கேட்டோம். முதியவர் கையிலிருந்த கல்லைக் கீழே வைக்காமலே விடை பகர்ந்தார். "அதை யார் அறிவார்? என் தந்தை காலத்தில் விழுந்தது. அவர் எடுத்துக் கட்டினார். என் காலத்தில் இது மூன்றாவது முறை விழுந்திருக்கின்றது. நான் கட்டுகின்றேன்." அவர் குரலிலே சலிப்பும் இல்லை, பெருமையும் இல்லை. வீட்டு முற்றத்தை நாள்தோறும் கூட்டும் ஒருவர் அதனைப் பற்றிப் பேசுவது போலவே பேசினார். பின்னர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரிடத்தில் வைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டினார். அது அங்கேயே ஆண்டாண்டாக இருந்தது போலப் பொருந்திக்கொண்டது.

இனி, இந்நிலம் அச்சாறுக்கு என்ன செய்கின்றது என்பதைப் பார்ப்போம். கல்லின் சுவை வேர்வழியே ஏறிப் பழத்துள் புகுந்து கிண்ணத்துக்கு வருகின்றது என்று வைன் விற்போர் கவிதை பேசுவதுண்டு. ஆராய்ச்சியாளர் அதனை ஒப்புக்கொள்வதில்லை. கல் தொழில் புரிவது வேறு வகையில். முதலாவது, சரிவும் மதிலும் நீரைத் தேங்க விடுவதில்லை. மண்ணின் ஆழமும் குறைவு. ஆகையாற் கொடி வேண்டிய அளவுக்கு மேல் நீருண்டு கொழுப்பதில்லை. பழம் சிறுத்து, சாறு செறிகின்றது. இரண்டாவது, இக்கரை தென்மேற்கை நோக்கி நிற்கின்றது. பிற்பகல் வெயில் முழுவதையும் மதில்கள் வாங்கி வைத்து, பொழுது சாய்ந்த பின்னரும் சிறிது சிறிதாகக் கொடிக்குக் கொடுக்கின்றன. மூன்றாவது, கடல் தன் காற்றினால் வெப்பத்தைத் தணிக்கின்றது. பழம் கனியுங் காலத்திலே இனிப்பு ஏற ஏறப் புளிப்பு இறங்கும் என்பது நாம் அறிந்ததே. வெப்பம் மிகுந்தால் புளிப்பு விரைந்து அழியும். கடற்காற்றும், உயர்ந்த தறைகளில் இரவிலே நிலவும் தண்மையும் அவ்வழிவைத் தாமதிக்கச் செய்கின்றன. இவ்வகையில் வெயிலும் தண்மையும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்க, இடையிலே பழம் கனிகின்றது.

கொடியை வளர்க்கும் முறையும் காற்றுக்கு அஞ்சி அமைந்ததே. பழைய தோட்டங்களிலே பந்தல் மிகத் தாழ்வாக இருக்கும். உப்புக் காற்று கொடியை முறித்துவிடாமலும் இலையைக் கருக்கிவிடாமலும் இருக்க முன்னோர் கண்ட உபாயம் அது. ஆனால் பழம் பறிப்பவர் அப்பந்தலின் கீழே முழந்தாளிட்டும் தவழ்ந்துமே செல்லவேண்டும். பறித்த பழத்தைக் கூடைகளிலே சுமந்து, ஒடுங்கிய படிகளின் வழியே முன்னர் ஆணும் பெண்ணும் இறங்கினர். அண்மைக் காலத்தில், ஒற்றைத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு செங்குத்தாக ஏறி இறங்கும் சிறு பொறிவண்டிகள் சில சரிவுகளுக்கு வந்துள்ளன. அவை சுமையைக் குறைத்தனவேயன்றிப் பறிக்கும் கைக்கு மாற்றாகவில்லை. இத்தகைய நிலங்களிற் செய்யும் முந்திரிகைப் பயிருக்கு இத்தாலியர் 'வீரப் பயிர்ச்செய்கை' என்று பெயரிட்டிருப்பது மிகையன்று.

இங்குள்ள வெள்ளை வைன் மூவகைப் பழங்களின் சேர்க்கையாற் பெறப்படுகின்றது. போஸ்கோ என்னும் இவ்வூர்ப் பழம் அதற்கு உரத்தை அளிக்கின்றது. அல்பரோலா மென்மையை அளிக்கின்றது. வெர்மென்தீனோ மணத்தை அளிக்கின்றது. 1973 ஆம் ஆண்டு முதல் இதன் பெயரும் செய்முறையும் இத்தாலியச் சட்டத்தினாற் காக்கப்பட்டு வருகின்றன. இதே பழங்களைக் காற்றோட்டமான இடத்தில் உலர வைத்து, நவம்பர் முதலாந் திகதிக்கு முன்னர் பிழிவதில்லை என்ற விதியோடு செய்யப்படும் இனிப்பு வைன் ஒன்றும் உண்டு. 'ஷாக்கெத்ரா' என்பது அதன் பெயர். உலர்ந்த பழம் தரும் சாறு மிகக் குறைவாதலின், அதனைத் திருமணம் போன்ற நன்னாட்களுக்கென எடுத்து வைப்பது அவ்வூர் வழக்கம்.

நாம் சுவைத்தது உலர்த்தாத பழத்தின் வைனையே. புது வைக்கோலின் நிறம். மூக்கருகே கொண்டு சென்றபோது எலுமிச்சைத் தோலைக் கீறியது போன்ற மணமும், மலைப் பூண்டுகளை உள்ளங்கையிற் கசக்கியது போன்ற மணமும் எழுந்தன. நாவிலே இனிப்பில்லை. கூரிய புளிப்பொன்று தோன்றி, வாயைக் கழுவிவிட்டது போல நீங்கியது. அது நீங்கிய பின்னரே, கடற்கரையில் நெடுநேரம் நின்றவர் தம் உதட்டை நாவால் தடவும்பொழுது தெரியும் அந்த மெல்லிய உப்பு தெரிந்தது. மொன்ரெரோசோவில் உப்பிட்டுப் பதப்படுத்தும் நெத்தலி மீனோடு இதனை அருந்துவர். மீனின் நெய்ப்பை இதன் புளிப்பு வெட்டுகின்றது. ஓரூரின் மலை தந்ததும் கடல் தந்ததும் ஒரு தட்டிலே சேர்ந்து ஒன்றுக்கொன்று துணையாக நிற்கக் கண்டோம்.

இச்சரிவுகளின் வைன் பழம் புகழ் வாய்ந்தது. பதினான்காம் நூற்றாண்டிலே பொக்காச்சியோ இயற்றிய 'தெக்காமெரோன்' என்னும் கதைத் தொகுதியில், வயிற்று நோயோடு பயணஞ் செய்த ஒரு மடாதிபதியைக் கள்வர் தலைவன் ஒருவன் சிறைபிடிக்கின்றான். பின்னர் அவருக்கு வாட்டிய ரொட்டித் துண்டுகளையும் கோர்னீலியா வைனையும் கொடுத்தே நோயைத் தீர்த்துவிடுகின்றான். கதையை நாம் மருத்துவமாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன்னரே இத்தாலியின் வாசகர்களுக்குக் கோர்னீலியா என்ற பெயரைச் சொன்னால் போதும், விளக்கம் வேண்டியிருக்கவில்லை என்பதை மட்டும் அறிந்துகொள்ளலாம்.

அத்தகைய புகழ் இருந்தும் நிலம் ஆளிழந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லா ஸ்பெற்சியாவிலே கடற்படைத் தளமும் கப்பற்பட்டறைகளும் எழுந்தன. புகையிரதம் வந்தபின் காலையிலே சென்று மாலையிலே மீளலாம் என்றாயிற்று. மாதந்தோறும் கிடைக்கும் சம்பளத்தை விட்டு, ஆண்டுக்கொருமுறை கிடைப்பதும் கிடையாமற் போவதுமான விளைச்சலுக்காகக் கல் சுமக்க எவர் விரும்புவர்? அவர்களைக் குறை கூறுதல் நீதியன்று. பின்னர் உல்லாசப் பிரயாணிகள் வந்தனர். 1997 இலே யுனெஸ்கோ இந்நிலத்தை உலக மரபுரிமையாக ஏற்றது. 1999 இலே இது தேசியப் பூங்காவாயிற்று. நாலாயிரம் பேரும் வாழாத ஊர்களுக்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் வரலாயினர். அறையொன்றை வாடகைக்கு விட்டுப் பெறும் பணம் தறை பத்தைக் கொத்தினாலும் கிடைப்பதில்லை. ஒருகாலத்தில் ஆயிரம் ஹெக்டெயருக்கு மேற் பரந்திருந்த முந்திரிகைத் தோட்டங்கள் இன்று நூறளவிற் சுருங்கிவிட்டன.

கைவிடப்பட்ட தறைக்கு என்ன நேரும்? மலை மறுபடியும் மலையாகிவிடும், கேடொன்றும் இல்லை என்றே நாமும் பிறரைப் போல எண்ணக்கூடும். 2011 ஆம் ஆண்டு ஒக்டோபர் 25 ஆந் திகதி அதற்கு மறுமொழி கிடைத்தது. அன்று இப்பகுதியிலே பெருமழை கொட்டியது. மலைக்கப்பாலுள்ள புரூஞாத்தோ என்னும் ஊரில் ஒரே நாளிலே 500 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பதிவாயிற்று. மலைச்சரிவுகள் கட்டவிழ்ந்து, மண்ணும் கல்லும் மரமும் வெர்னாற்சாவினதும் மொன்ரெரோசோவினதும் வீதிகளினூடே கடலை நோக்கிப் பாய்ந்தன. வீடுகளின் கீழ்த்தளங்கள் சேற்றிலே புதைந்தன. இரு ஊர்களிலும் உயிர்கள் பலியாயின.

வெர்னாற்சாவின் சரிவுகளைப் பின்னர் ஆராய்ந்த புவியியலாளர் கண்ட உண்மை சிந்திக்கத்தக்கது. பயிர்செய்து பேணப்பட்ட தறைகள் ஒருவாறு தாங்கி நின்றன. மிகப் பழங்காலத்தே கைவிடப்பட்டு, மரங்கள் வேரூன்றிக் காடாகிவிட்ட சரிவுகளும் ஒருவாறு தாங்கின. மிகுதியாகச் சரிந்தவை அண்மைக் காலத்திலே கைவிடப்பட்ட தறைகளே. காரணம் எளிது. மனிதன் கொட்டி வைத்த மண் அங்கே இருக்கின்றது. அதனைக் காத்த மதில் பொக்கு விழுந்து கிடக்கின்றது. நீர் செல்லும் வழியைத் துப்புரவாக்க ஆளில்லை. மண்ணைப் பிடிக்கும் காடும் இன்னும் வளரவில்லை. தொடங்காத வேலையினால் வரும் கேட்டினும் இடையிலே விட்ட வேலையினால் வரும் கேடு பெரிது என்பதை அம்மலை சொல்லிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் முதற் கல்லை வைத்தவன், தன் மக்களுக்கு ஒரு நிலத்தையும் அதனோடு ஒரு கடனையும் சேர்த்தே விட்டுச் சென்றான்.

இக்கடனை இறுக்க முன்வருவோர் இன்றும் சிலர் உளர். மனரோலாவுக்கு மேலேயுள்ள குரொப்போவில் கூட்டுறவுச் சாலை ஒன்று இயங்குகின்றது. தனித்தனியே வைன் செய்ய இயலாத சிறு தோட்டக்காரர்கள் தம் பழத்தை அங்கே கொடுக்கின்றனர். கால் ஏக்கரும் இல்லாதவரின் தோட்டமும் அதனாற் பிழைக்கின்றது. சாந்தின்றிக் கல்மதில் கட்டும் கலையை 2018 ஆம் ஆண்டிலே, இத்தாலி உட்பட எட்டு நாடுகளின் பொது மரபாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. அக்கலையை இளைஞருக்குக் கற்பிக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. ஆனால் ஏட்டிலே பெயர் எழுதப்படுவதனால் மதில் எழும்புவதில்லை. காட்டுப்பன்றி இரவிலே தோண்டித் தள்ளிய கல்லைக் காலையில் எடுத்து வைக்க ஒரு கை வேண்டும்.

நாம் கண்ட முதியவரிடம் அவருடைய மக்களைப் பற்றியும் கேட்டோம். மகன் ஜெனோவாவில் வேலை பார்க்கின்றானாம். மகள் ஊரிலேயே இருந்து பிரயாணிகளுக்கு அறைகள் வாடகைக்கு விடுகின்றாளாம். "அவள் இங்கே வருவதுண்டா?" என்றோம். "ஞாயிற்றுக்கிழமைகளில் வருகின்றாள்" என்றார் அவர். "அவளிடம் நான் ஒன்றே சொல்லியிருக்கின்றேன். உன் சாளரத்தைத் திறந்து விருந்தினர் பார்ப்பது இந்த மதிலைத்தான். இது விழுந்தால் அவர்கள் வேறு சாளரத்தைத் தேடிப் போவார்கள்." மொழிபெயர்த்த மாணவி சிரித்தாள், முதியவர் சிரிக்கவில்லை. அவர் மறுபடியும் ஒரு கல்லைத் தேர்ந்துகொண்டிருந்தார்.

இவ்வூர் வைன் போத்தலொன்றின் விலை, சமவெளியிலே இயந்திரங்கொண்டு பறித்துச் செய்யும் வைனின் விலையினும் மிகுதி. வாங்குவோர் சிலர் அதனைக் கண்டு முணுமுணுப்பதையும் கடையிலே கேட்டோம். அவ்விலையிலே பழத்துக்குரிய பங்கு சிறிதே. பெரும் பங்கு கல்லுக்கும், கல்லைச் சுமந்த தோளுக்கும் உரியது. அதனைக் கொடுத்து வாங்குவோர் உள்ளவரை, முதியவரின் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறுவதற்கு ஒரு காரணம் இருக்கும். நிலம் சாற்றை உருவாக்குகின்றது என்பது உண்மையே. ஆனால் அந்நிலத்தை உருவாக்கியவை கைகள். அக்கைகள் ஓய்ந்தால் அப்புளிப்பும் அம்மெல்லிய உப்பும் வேறெந்த மலையிலும் சென்று தேடக் கிடைப்பனவல்ல.